தன்மைப் பன்மை

மருந்துக்கடைக்காரர் பேசி முடித்து, கைதட்டலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது, பெரியவளின் மடியிலிருந்த தாளில் ‘பாத்தீங்கன்னா’ என்ற சொல்லுக்கு நேராகக் கோடுகள் வேலி போல வரிசைகட்டி நின்றன. ‘வந்து’ என்பதற்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. ‘ஆக்சுவலி’ ஆரம்பத்தில் மட்டும், பதற்றம் தணிகிற வரைக்கும். கூட்டத்தின் கடைசிப் பகுதி வந்து அவளை அழைத்ததும் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மேடைக்குப் போனாள். மேடை என்று அதைச் சொல்லிக்கொண்டார்களே தவிர, நாற்காலி போடாமல் விட்ட இடம், அவ்வளவுதான். பின்னால் வெள்ளைப் பலகையில் பகல் நேர ஓவிய வகுப்பில் குழந்தைகள் வரைந்த ஒரு யானையின் பாதி அழியாமல் இருந்தது.

“தலைவர் இன்னைக்கு நம்மளை நிறைய பாக்கச் சொன்னார்” என்றாள். “பாத்தீங்கன்னா, பாத்தீங்கன்னான்னு. நாமளும் கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டேதான் இருந்தோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவர் மருந்துக்கடைக்காரர்தான். அவர் சங்கத்தின் தலைவர். வாரம் ஒரு மாலை நூலகத்தின் மாடியில் கூடுகிற பேச்சாளர் சங்கம் அது. ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு பேரோ மூன்று பேரோ தயாரித்துக்கொண்டு வந்து பேசுவார்கள். பேச்சின் பொருளைப் பற்றி ஒருவர் கருத்துச் சொல்வார். நேரத்தை ஒருவர் பார்ப்பார். மொழியை மட்டும் கவனித்து, எங்கே சொல் சறுக்கியது, எங்கே வாக்கியம் பாதியில் நின்றது, எந்தச் சொல் அழகாக வந்து விழுந்தது என்று சொல்வதற்கு ஒருவர். அந்த வேலைக்கு மொழி மதிப்பீட்டாளர் என்று பெயர். முறை வைத்து மாற்றிக்கொள்ள வேண்டிய பொறுப்பு. ஆனால் பெரியவள் ஒருமுறை செய்த பிறகு வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. அவளும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவள் இதுவரை ஒரு பேச்சும் பேசியதில்லை என்பது யாருக்கும் உறுத்தவுமில்லை.

அவளுடைய காது தொழிலால் பழகிய காது. டாக்டர்கள் பதிவு செய்து அனுப்புகிற குரல்களைக் காதில் மாட்டிக் கேட்டு, அறிக்கையாகத் தட்டச்சு செய்கிற வேலை, வீட்டிலிருந்தபடியே. மேசைக்குக் கீழே ஒரு மிதி. மிதித்தால் குரல் ஓடும், விட்டால் நிற்கும், பக்கவாட்டில் அழுத்தினால் கொஞ்சம் பின்னால் போய் மறுபடி சொல்லும். இருமல், கொட்டாவி, நடுவில் யாரோ கதவைத் தட்ட ‘அப்புறம் வா’ என்பது, எல்லாவற்றையும் கேட்பாள், எழுதாமல் விடுவாள். முகம் தெரியாத மனிதர்கள் களைப்பில் எந்தச் சொல்லில் தடுக்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டிலிருந்தபடியே என்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணமாகிப் போனது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து, அறுவை முடிந்து, இனிமேல் நடப்பது சந்தேகம் என்று சொன்ன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சின்னவள் சொன்னாள்: “நீ வீட்லதானேக்கா இருக்கே.” கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். பதில் சொல்ல அந்த வாக்கியத்தில் இடம் எதுவும் இல்லை. அம்மா பெரியவளின் வீட்டுக்கு வந்தாள். தட்டச்சு மேசை ஹாலுக்குப் போனது, கம்பி வைத்த கட்டில் அந்த அறைக்கு வந்தது.

சின்னவள் இன்சூரன்ஸ் கம்பெனியில் பயிற்சிப் பிரிவில் இருந்தாள். விடுமுறை நாட்களில் வருவாள். பழமும் புது இரவு உடுப்பும் வாங்கி வருவாள். கட்டிலோரம் உட்கார்ந்து ஆபீஸ் மேலாளரைப் போல நடந்து காட்டி, பேசிக் காட்டி அம்மாவைச் சிரிக்க வைப்பாள். அம்மா அப்படிச் சிரிப்பதைப் பெரியவள் மற்ற நாட்களில் பார்த்ததில்லை. சின்னவளுக்கு அது கைவரும், தனக்கு வராது என்று அவள் சிறுவயதிலேயே ஒத்துக்கொண்டுவிட்டிருந்தாள். சங்கத்துக்கு அவளைக் கூட்டிவந்ததும் சின்னவள்தான். “வாரத்துல ஒரு சாயங்காலமாவது மனுஷங்க மூஞ்சியைப் பாருக்கா. அத்தான் ரெண்டு மணி நேரம் அம்மாவைப் பாத்துக்க மாட்டாரா?” என்றாள். பார்த்துக்கொண்டார். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர். அந்த மாலையில் மட்டும் வேலை ஒத்துக்கொள்வதில்லை. சின்னவள் காரில் வந்து அக்காவை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். வாரம் முழுவதிலும் பெரியவள் செருப்புப் போடுகிற ஒரே பொழுது அதுதான் என்று சொல்லலாம்.

சங்கங்களுக்கிடையிலான போட்டி வரவிருந்தது. அதற்கு அனுப்ப ஒருவரைத் தேர்ந்தெடுக்கிற கூட்டத்தில் சின்னவள் எழுந்தாள். பேச்சின் தலைப்பு ‘அம்மாவின் அறை.’

பெரியவளிடம் முன்கூட்டி எதுவும் சொல்லியிருக்கவில்லை. வழக்கம்போலத் தாளைக் கோடு போட்டுப் பிரித்து வைத்துக்கொண்டு பெரியவள் காத்திருந்தாள். சின்னவள் நன்றாகப் பேசுகிறவள். ‘வந்து’ இல்லை, ‘அதாவது’ இல்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். “எங்க அம்மா விழுந்த நாள்லேருந்து எங்க வீட்ல ஒரு அறைக்கு மட்டும் தனியா ஒரு நேரம் ஓடுது” என்று ஆரம்பித்தாள். “அந்த அறையில காலைங்கிறது சூரியன் வர்றப்ப வராது. அம்மா இருமுறப்ப வரும்.” பேனா தாளின் மேலேயே நின்றது. எழுத ஒன்றுமில்லை. “நாங்க அவங்களைத் திருப்பிப் படுக்க வைப்போம். நாங்க நகம் வெட்டி விடுவோம். நாங்க குளிப்பாட்டறப்ப அம்மா ஒரு துண்டை எடுத்துக் கண்ணை மூடிக்குவாங்க. உடம்பை இல்ல, கண்ணை. தான் பாக்கலைன்னா நாங்களும் பாக்கலைன்னு அவங்களுக்கு ஒரு நினைப்பு. ஊருக்கெல்லாம் பயப்படாத அம்மா அந்தத் துண்டுக்குள்ள போய் ஒளிஞ்சுக்குவாங்க.”

அறையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். துண்டு விஷயத்தைச் சின்னவளிடம் சொன்னது அவள்தான். ஒரு மத்தியானம், தாங்க முடியாமல், போனில். அப்போது சின்னவள் முதலில் சிரித்தாள், பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பெரியவள் ‘ஹலோ, ஹலோ’ என்றாள்.

பேச்சின் பொருளைப் பற்றிக் கருத்துச் சொல்ல அன்று வந்தவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். “எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எங்க கியர் மாத்தினாங்கன்னே தெரியல. அவ்வளவு ஸ்மூத்தா வண்டி போச்சு” என்றார். பிறகு பெரியவளை அழைத்தார்கள்.

மொழியைத் தவிர வேறு எதையும் பேசக்கூடாது என்பது அந்தப் பொறுப்பின் விதி. அவள் அதை மீறியதே இல்லை. எழுந்து போகிற அந்தச் சில அடிகளில் என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. முதலில் பாராட்டினாள். தேவையில்லாத சொல் ஒன்றுகூட இல்லை, வாக்கியங்கள் சின்னதாக இருந்தன, ‘துண்டுக்குள்ள போய் ஒளிஞ்சுக்குவாங்க’ என்பது இன்றைய நல்ல வரி என்றாள். தன் குரல் சாதாரணமாக இருப்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“ஒண்ணே ஒண்ணு. ‘நாங்க’ன்னு நிறைய வந்தது. இலக்கணத்துல தன்மைப் பன்மைன்னு படிச்சிருப்போம். நம்ம மொழியில அதுக்கு ரெண்டு சொல் இருக்கு. ‘நாம’ன்னா கேக்கறவங்களையும் சேத்துக்கறோம். ‘நாங்க’ன்னா கேக்கறவங்களை விட்டுடறோம். அதனால ‘நாங்க’ன்னு ஆரம்பிச்சதுமே, யார் யாருன்னு கேக்கறவங்க தேட ஆரம்பிச்சுடுவாங்க. அது கடைசி வரைக்கும் தெரியல. முதல்லயே சொல்லிட்டா பேச்சு இன்னும் தெளிவா இருக்கும்.”

சின்னவள் தலையாட்டிக்கொண்டே தன் தாளில் குறித்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர், “பாத்தீங்கன்னா, இதெல்லாம் பள்ளிக்கூடத்துலயே எனக்குப் புரியல” என்றார். வாக்கெடுப்பில் சின்னவள் தேர்வானாள்.

காரில் திரும்பினார்கள். ஒரு சிக்னலில் நின்றபோது சின்னவள் கேட்டாள்.

“‘நாங்க’ நல்லா இல்லையாக்கா?”

“நல்லா இல்லன்னு சொல்லல. தெளிவா இல்லன்னேன்.”

“ம்.”

விளக்கு மாறியது. அவ்வளவுதான் பேச்சு.

அடுத்து வந்த நாட்களில் பெரியவள் தன்னையறியாமல் ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் யாரோ ஒரு டாக்டரின் குரல் ஓடிக்கொண்டிருக்கும். நோயாளி பக்கம் மாற்றிப் படுக்க வைக்கப்பட்டார், புண் சுத்தம் செய்யப்பட்டது, உணவு தரப்பட்டது. இத்தனை வருஷமாக இப்படித்தான் தட்டச்சு செய்கிறாள். எந்த அறிக்கையிலும் செய்தவர் யார் என்று இருந்ததில்லை, அவளும் அதைக் குறையாக நினைத்ததில்லை. இப்போது ஒவ்வொரு ‘பட்டது’விலும் கை ஒரு நொடி நின்று போனது. பேச்சில் ஓரிடத்தில் ‘எங்க அக்கா’ என்று வந்தால் போதும் என்று நினைத்தாள். பிறகு, அதை ஏன் நினைக்கிறோம் என்று கோபப்பட்டுக்கொண்டு எழுந்து போய் அம்மாவின் தலையணையைச் சரி செய்தாள். அம்மா, “நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்கு அதைப் போட்டுப் படுத்தறே?” என்றாள்.

போட்டி பெரிய அரங்கில் நடந்தது. பல சங்கங்களிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். உண்மையான மேடை, மைக், ஒளிவிளக்கு. பெரியவள் நடுவில் ஒரு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இங்கே அவளுக்கு வேலை எதுவும் இல்லை. வெறுங்கையோடு கேட்பது வினோதமாக இருந்தது.

சின்னவள் மேடைக்கு வந்தாள். “எங்க அம்மா விழுந்த நாள்லேருந்து...” என்று அதே ஆரம்பம். பெரியவள் காத்திருந்தாள்.

“நான் அவங்களைத் திருப்பிப் படுக்க வைப்பேன்” என்றாள் சின்னவள். “நான் நகம் வெட்டி விடுவேன். நான் குளிப்பாட்டறப்ப அம்மா ஒரு துண்டை எடுத்துக் கண்ணை மூடிக்குவாங்க.”

பேச்சு முன்பைவிட நன்றாக இருந்தது. அதுதான் பெரியவளுக்கு முதலில் பட்டது. ஒரே ஆள், ஒரே அறை, ஒரே அம்மா. தேட வேண்டியது எதுவும் இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் நேராக வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் கையிலும் முகத்திலும் சூடு ஏறியது. தன்னுடைய காலைகளும் மத்தியானங்களும் வேறொருவரின் குரலில் மேடையில் நடமாடுவதை, தனக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லாதது போல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தாள்.

“பெத்தா இப்படி ஒரு பொண்ணைப் பெக்கணும்.”

“ஆமா” என்றாள் பெரியவள்.

சின்னவளுக்கு முதல் பரிசு கிடைத்தது. ஆட்கள் சூழ்ந்துகொண்டு கைகுலுக்கினார்கள். ஒரு முதியவர் அவள் தலையில் கைவைத்தார். எல்லோரும் கலைந்த பிறகு, கோப்பையை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அரங்கத்தின் பக்கவாட்டு நடைவழியில் அவள் வந்தாள். பெரியவள் அங்கே சுவரோரம் நின்றிருந்தாள்.

“நீ சொன்ன மாதிரி மாத்திட்டேன்க்கா” என்றாள் சின்னவள். சிரிக்க முயன்றது தெரிந்தது.

“நான் சொன்னது அதில்லை.”

“தெரியும்.” பையின் கைப்பிடியை விரலில் சுற்றினாள். “அக்கான்னுதான் முதல்ல எழுதினேன். சத்தியமா. அக்கா திருப்பிப் படுக்க வைப்பா, அக்கா நகம் வெட்டுவா, அக்கா குளிப்பாட்டுவான்னு. படிச்சுப் பாத்தேன். அதுல நான் எங்கக்கா நிக்கிறேன்? ஹேண்ட்பேக்கை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். அதை எப்படி நான் மேடையில ஏறிச் சொல்லுவேன்?”

பெரியவள் வாசல் பக்கம் நடந்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது வந்திருக்கும். அன்று அவள் பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். சின்னவளும் காரில் வா என்று இரண்டாம் முறை கூப்பிடவில்லை.

பெரியவளின் கணவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே, “அப்ப ராத்திரி அம்மாவுக்கு டயப்பர் மாத்தணும்னா அவளையே கூப்பிட்டுடு. அனுபவப்பட்ட ஆளு” என்றார். பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் அழுகையும் வந்தது. அவர் பெட்டியை மூடிவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் கோப்பையோடு வந்தாள். எதுவும் நடக்காதது போல அக்காவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அம்மாவின் அறைக்குப் போனாள். பெரியவள் ஹாலில் மேசைக்கு முன்னால் காதில் மாட்டியபடி இருந்தாள். போனில் பேச்சை ஓடவிடுகிற சத்தம் கேட்டது. ஒரு காதை விலக்கிக்கொண்டாள்.

அம்மாவுக்கு உடம்புதான் படுத்துவிட்டதே தவிர மற்ற எதுவும் படுக்கவில்லை. பேச்சு முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். கைதட்டல் சத்தமும் அடங்கியது.

“நல்லாப் பேசறே” என்றாள். “உங்க அப்பாவுக்கு இந்த வாய் கிடையாது. சரி, ஒண்ணு கேக்கறேன். குளிப்பாட்டறப்ப தண்ணி சூட்டை எதுல பாப்பே?”

“கையிலதான்.”

“முழங்கையில. உள்ளங்கைக்குச் சூடு தெரியாது. மொதல்ல எங்க துடைப்பே?”

“கால்ல...” என்று இழுத்தாள் சின்னவள்.

“முகத்துல ஆரம்பிக்கணும். கால் கடைசி. தலகாணி எங்க வெப்பே?”

“தலைக்கு...”

அம்மா சிரித்துவிட்டாள். “தலைக்கு ஒண்ணு சரி. ரெண்டு முட்டிக்கும் நடுவுல ஒண்ணு. இல்லைன்னா ஆபரேஷன் பண்ண இடம் உயிரை எடுத்துடும். போ, முட்டை மார்க்கு.”

சின்னவளும் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஹாலில் பெரியவள், அம்மா தன் பக்கம் பேசுகிறாள் என்று நினைத்தாள். நெஞ்சுக்குள் எதுவோ இதமாக இறங்கியது. அது முழுக்க இறங்குவதற்குள் அம்மாவின் குரல் மாறியது.

“அது போகட்டும். நான் கண்ணை மூடிக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?”

சின்னவள் கட்டிலோரத்திலிருந்து எழுகிற சத்தம் கேட்டது.

“பெரிசு, காதுல இருக்கறதைக் கழட்டிட்டு இங்க வா. கழட்டித்தான் வெச்சிருப்பே.”

பெரியவள் போய் வாசலில் நின்றாள். அம்மா இரண்டு பேரையும் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“மத்ததெல்லாம் உங்க கைக்கு வந்துடுச்சு. சோறு, தண்ணி, வெளிக்குப் போறது எல்லாம். எனக்குன்னு அந்த ஒரு துண்டு இருந்துச்சு. அதை நீ போன்ல சொன்னே. இவ மைக்ல சொன்னா. யாரு குளிப்பாட்டினாங்கன்னு நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்குங்க. குளிச்சது நான்.”

பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உடம்பைத் திருப்பத்தான் ஆள் வேண்டும், முகத்தை அவளால் தானாகத் திருப்ப முடியும். சின்னவள் போனை அணைத்துப் பையில் போட்டாள். கோப்பை கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலில், மாத்திரைப் பட்டைகளுக்கு நடுவே இருந்தது. அதை எடுத்துக்கொள்வதா விட்டுப்போவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று, விட்டுவிட்டுப் போனாள்.

அந்த வாரம் பெரியவள் அம்மாவைக் குளிப்பாட்டுகிறபோது துண்டைத் தானே எடுத்துக் கொடுத்தாள். அம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாளே தவிர, கண்ணை மூடவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். பெரியவளுக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சில நாட்கள் கழித்துச் சின்னவள் போன் செய்தாள். வேலை நேரத்தில்.

“அக்கா, அம்மாவை நான் கூட்டிட்டு வந்துடறேன்.”

“எங்க?”

“இங்கதான். என் வீட்டுக்கு.”

“ஏன்டி? என்ன ஆச்சு இப்போ?”

“சொல்லிட்டேன்ல.”

“யார்கிட்ட சொன்னே?”

“எல்லார்கிட்டயும்தான்.” சின்னவளின் குரல் தணிந்தது. ஆபீஸில் எங்கோ ஓரமாக நின்று பேசுகிறாள் போலிருந்தது. “போட்டியில எடுத்த வீடியோவை யாரோ ஆபீஸ் குரூப்ல போட்டுட்டாங்க. லிஃப்ட்ல ஏறினா ‘அம்மா எப்படி இருக்காங்க’ன்னு கேக்கறாங்க. மேலாளர், நீங்க வேணும்னா சீக்கிரம் கிளம்புங்கன்னு சொல்றார். ஒருத்தங்க அவங்க மாமியாருக்குப் படுக்கைப்புண்ணு, என்ன மருந்து போடறதுன்னு வந்து கேக்கறாங்க. நானும் வாய்க்கு வந்ததைச் சொல்றேன். இனிமே என்னால முடியாதுக்கா.”

“நான் பாத்துக்கல, எங்க அக்காதான் பாத்துக்கறான்னு சொல்லிட்டா முடிஞ்சுது.”

மறுமுனையில் நீண்ட மௌனம். பெரியவள் இந்த முறை ‘ஹலோ’ சொல்லவில்லை.

“அதுக்கு இது சுலபம்” என்றாள் சின்னவள்.

பெரியவள் எத்தனையோ முறை இந்தப் போனுக்காக ஏங்கியிருக்கிறாள். ஒரு மாதமாவது, ஒரு வாரமாவது அம்மாவை அவள் வைத்துக்கொள்ள மாட்டாளா என்று. இப்போது வாயைத் திறந்து சரி என்று சொல்ல வரவில்லை. “அம்மாகிட்ட கேளு” என்றாள். அம்மா உடனே சம்மதித்தாள். “போறேன். இந்தக் கூரையைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. அங்க வேற கூரையாவது இருக்கும்” என்றாள். அதில் கோபம் எவ்வளவு, விளையாட்டு எவ்வளவு என்று பெரியவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

சின்னவள் விடுப்புப் போட்டுவிட்டு முன்னதாகவே வந்து பழகிக்கொண்டாள். பெரியவள் சொல்லிக் கொடுத்தாள். வாயால் சொல்வது கடினமாக இருந்ததால் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். ஒரு கை தோளுக்குப் பின்னால், ஒரு கை இடுப்புக்கு. இழுக்காதே, உன் பக்கம் உருட்டு. அம்மாவின் மேல் குனிந்திருந்த இரண்டு பேரின் தலையும் ஒருமுறை இடித்துக்கொண்டது. “ரெண்டும் கொம்பு முளைச்ச கழுதைங்க” என்றாள் அம்மா கீழேயிருந்து. அன்று மூன்று பேரும் சிரித்தார்கள். சனிக்கிழமை சாய்தளம் வைத்த வண்டி வந்தது. கணவர் கட்டிலைக் கழற்றிக் கொடுத்தார். திருகாணிகளை ஒரு உறையில் போட்டு, எது எந்தக் காலுக்கு என்று அதன் மேல் எழுதிக் கொடுத்தார்.

அறை காலியானது. தட்டச்சு மேசையைத் திரும்ப அங்கே போடலாம் என்றார் கணவர். பார்க்கலாம் என்றாள் பெரியவள். முதல் சில நாட்கள் சின்னவளிடமிருந்து ஓயாமல் போன் வந்தது. மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, குதிகால் சிவந்திருக்கிறதே, இருமினால் எழுப்பி உட்கார வைக்கணுமா. பெரியவள் வேலையைப் பாதியில் நிறுத்திப் பதில் சொன்னாள். சலித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு போன் குறைந்தது. பிறகு ஒரு நாள் முழுக்க வரவில்லை. அன்று மாலை அவள் போனை எடுத்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்தாள்.

சங்கத்துக்கு இப்போது பஸ்ஸில் போய்வந்தாள். சின்னவள் வருவதில்லை. மருந்துக்கடைக்காரர் ‘பாத்தீங்கன்னா’வை ஏறக்குறைய விட்டுவிட்டிருந்தார். அந்த இடத்துக்கு ‘சொல்லப்போனா’ வந்திருந்தது. தேநீர் வேளையில் டிரைவிங் ஸ்கூல்காரர் பக்கத்தில் வந்தார்.

“உங்க தங்கச்சி எப்படித்தான் ஆபீஸையும் பாத்துக்கிட்டு அம்மாவையும் பாத்துக்கறாங்களோ! நினைச்சாலே மலைப்பா இருக்கு.”

“பாத்துக்கறா” என்றாள் பெரியவள்.

அந்த வாக்கியத்தில் இப்போது திருத்த எதுவும் இல்லை. எழுவாய் சரி, காலம் சரி. அன்று மதிப்பீடு சொல்ல எழுந்தபோது, ஒரு பேச்சாளர் பேசியதில் பாதியைத் தான் கேட்கவே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எல்லோரும் அதைப் பெரிய பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பலமாகக் கைதட்டினார்கள்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் சின்னவளின் வீட்டுக்குப் போனாள். சின்னவளின் கணவர்தான் கதவைத் திறந்தார். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டிருந்தார்.

“வாங்கக்கா, வாங்க. சொல்லியிருந்தா வந்து கூட்டிட்டு வந்திருப்பேனே. உக்காருங்க.”

“அம்மா?”

“குளிச்சிக்கிட்டிருக்காங்க. இப்போ யாரையும் உள்ள விட மாட்டா. நானே தட்டிட்டுத்தான் போகணும். அத்தையோட உத்தரவு.”

பெரியவள் உட்கார்ந்தாள். அவர் சமையலறைக்குப் போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து பூ வேலைப்பாடு போட்ட ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்துத் துடைத்துத் தண்ணீர் ஊற்றி, தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். இந்த வீட்டில் அவள் எப்போதும் சமையலறைக்கே போய், கையில் கிடைத்த தம்ளரில் பிடித்துக் குடிப்பவள். நன்றி என்று சொன்னாள். அவர் ஆபீஸ் போன் அடிக்கிறதென்று உள்ளே போனார்.

மூடிய கதவுக்குப் பின்னால் ஈரத்துணி பிழிகிற சத்தம். அம்மா என்னவோ சொன்னாள். சின்னவள் பதில் சொன்னாள். பிறகு இருவரும் சிரித்தார்கள். என்ன சொன்னாள், எதற்குச் சிரித்தார்கள் என்று பெரியவளுக்குக் கேட்கவில்லை. முன்னால் சாய்ந்து கேட்டாள், அப்படியும் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. பின்கட்டில் வாஷிங் மெஷின் விரிப்புகளைப் போட்டுச் சுழற்ற ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு வேகமெடுத்து, தரை முழுவதும் அதிர்ந்தது. அவள் இன்னும் எடுத்துக் குடிக்காத தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வளையங்கள் விளிம்பிலிருந்து நடுவுக்கு வந்து, நடுவில் ஒன்றையொன்று தொட்டுக் கலைந்துகொண்டே இருந்தன.